மரியம்மாள் டீச்சரின் கடைசிப் பக்கம்

மரியம்மாள் டீச்சருக்கு நான் நானூற்று ஐம்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஆறு மாதம் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததற்கான கூலி அது. படித்தவர்கள் ஐந்து பேர், ஆளுக்குத் தொண்ணூறு. மற்ற நாலு பேர் பங்குக்கும் நானே வாக்குக் கொடுத்திருந்ததால் முழுக் கடனும் என்னுடையதுதான். அதைக் கொடுக்க எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

பணம் இல்லாமல் இழுத்தடித்த கடன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் கண்ணாயிரம் பட்டுக் கடை என்றால் சூரத்து ஜரிகைக்காரன் சரக்கை முன்னால் அனுப்பிவிட்டு அப்புறம்தான் சீட்டு எழுதுவான். பெங்களூர் நூல் வியாபாரிக்குச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முந்தியே பணம் போய்ச் சேரும். என் வாசலில் கடன்காரன் வந்து நின்றதாக இந்த ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒருவருக்கு மட்டும் பாக்கி வைத்தேன். இது அவருடைய கதை. ஆனால் என்னைச் சொல்லாமல் அவரைச் சொல்ல வழியில்லை.

நான் தாமல்காரன். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, அண்ணன் தம்பிகள் ஆறு பேர். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பதினாலு வயதில் காஞ்சிபுரம் வந்து ஒரு தறியில் கோர்வை ஆளாக உட்கார்ந்தேன். நெய்கிறவர் புடவையின் உடலுக்கு, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டுக் கொடுக்கிறவன்தான் கோர்வை ஆள். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் கரையும் உடலும் சேரும். தறி வீட்டில் பிறக்காதவனுக்கு இந்தத் தொழில் வராது என்று சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களைவிட நன்றாக நெய்து காட்டினேன். தறியில் ஏற்றிய பாவு நூலை முதல்முறை முழுக்க நெய்து அறுத்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, கையை விரிக்கச் சொல்லி, மூன்று வெள்ளி ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கனம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் நானும் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் எனக்குப் பதினோரு தறி, சொந்தமாக ஒரு கடை. கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் பட்டும் பார்க்க வருவார்கள். அவர்களோடு ஒரு தரகன் வருவான். நான் எண்பது என்றால் அவன் அவர்களிடம் நூற்றிருபது என்பான். எனக்கு முன்னாலேயே என் புடவையைக் காட்டி என்னவோ சொல்வான், அவர்கள் சிரிப்பார்கள். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பணம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. சாயப்பட்டறை முருகேசன், கோயில் தெருவில் லாட்ஜ் வைத்திருந்த அர்ஜுனன், இன்னும் இரண்டு கடைக்காரர்கள் எல்லாருக்கும் இதே எரிச்சல். ஐந்து பேரும் சேர்ந்து இங்கிலீஷ் படிப்பது என்று முடிவு செய்தோம். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் ஆளுக்கு நாற்பது ரூபாய் கேட்டார். அப்போது என் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த தேவசகாயம், “எங்க அக்கா பொண்ணு பி.ஏ. பாஸ் பண்ணிட்டு சும்மா இருக்குது முதலாளி, இட்டுக்கினு வரட்டுமா?” என்றார்.

அந்தப் பெண்தான் மரியம்மாள். ஊருக்குத் தெற்கே, ஓரிக்கை போகிற வழியில், வயல் கூலிக்குப் போகிறவர்கள் இருந்த தெரு. அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப் போனார். அம்மா கங்கையம்மாள் நடவு நட்டும் களை எடுத்தும் காலம் தள்ளினாள். சபைக்காரர்கள் உதவியில் பெண் மதராஸ் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தாள். இருபத்து மூன்று வயது, கறுத்த ஒல்லி உடம்பு, கையில் ஒரு குடை. அப்போது நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ வருகிறது.

“மாசம் எவ்ளோம்மா கேக்கற?”

“ஆளுக்குப் பதினஞ்சு ரூபா.”

“எங்க தொழில்ல மாசக் கூலி கெடையாது. பாவு ஏத்தினா, அதுல வர்ற மூணு பொடவையும் நெய்ஞ்சு அறுத்தப்பறம்தான் கூலி. நீயும் பாடத்த முடி, மொத்தமா வாங்கிக்கோ.”

அவர் குடைப்பிடியில் விரலால் தட்டி மாதங்களை எண்ணினார்.

“ஜூன் பத்தாம் தேதிக்குள்ள கெடைக்குங்களா?”

“அதுக்கு முன்னாடியே கெடைக்கும். கண்ணாயிரம் சொன்னா சொன்னதுதான்.”

ஜூன் பத்து என்ன கணக்கு என்று தேவசகாயம் பிறகு சொன்னார். வாத்தியார் பயிற்சிக்கு மதராஸில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சம்பளமும் ஹாஸ்டலும் சேர்த்து நானூற்று முப்பது ரூபாய் அந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு வருஷத்தில் டீச்சர் வேலை. கட்டாவிட்டால் இடம் போய்விடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெசவாளிக்குப் பாவு ஏற்றும்போது கொஞ்சம் முன்பணம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவருக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

என் கடைக்குப் பின்னால் நூல் வைக்கிற அறையில் வகுப்பு. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை. நாங்கள் கடை வழியாக உள்ளே போவோம். அவர் சந்துக் கதவு வழியாக வருவார். நாற்காலி போட்டேன், முக்காலி போதும் என்று அர்ஜுனன் சொன்னதைக் கேட்காமல் நாற்காலிதான் போட்டேன். டீ எல்லாருக்கும் வரும். அவருக்குத் தனி டம்ளர், ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் பையன் போய்விடுவான். ஆறு மாதமும் அந்த டீ அங்கேயே ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் பையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்.

முதல் நாளே அவர் எடுத்து வைத்தது பழுப்பு அட்டை போட்ட ஒரு நாடகப் புத்தகம். முன்னூறு வருஷத்துக்கு முந்தினதாம். அதன் பேர் என் வாயில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் விடுகிறேன்.

“இன்னாம்மா இது, நாங்க விலை சொல்லக் கத்துக்க வந்திருக்கோம், நீ நாடகம் ஆடச் சொல்றே?” என்றார் முருகேசன்.

“விலை சொல்றது ஒரு வாரத்துல வந்துடும். அதுக்கப்பறம் அவங்க எதனா பேசினா இன்னா செய்வீங்க? தலைய ஆட்டுவீங்களா? ஒருத்தர் பேச, ஒருத்தர் பதில் பேச, அதுக்கு நாடகம்தான் சரி.”

கதை பெரிசில்லை. ஒரு பிரபு. சொந்தத் தம்பியே சூழ்ச்சி செய்து அவன் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். எல்லாரும் பிரபுவை விட்டுப் போகிறார்கள். வீட்டுச் சாவி வைத்திருக்கிற வேலைக்காரி மட்டும் ஏழு வருஷம் சம்பளமில்லாமல் கூடவே இருக்கிறாள். முடிவில் சொத்து திரும்பி வருகிறது. கடைசிப் பக்கத்தில் பிரபு அந்த ஏழு வருஷக் கூலியை எண்ணி அவள் உள்ளங்கையில் வைக்கிறான். அதோடு நாடகம் முடிகிறது.

இருந்தது ஒரே புத்தகம். எங்களில் மூன்று பேருக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. அவர் ஐந்து நாற்பது பக்க நோட்டு வாங்கி, அவரவர் பேச்சை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே சிவப்பு மையில் அர்த்தம் எழுதிக் கொடுத்தார். நோட்டும் மையும் அவர் காசு. பிரபு வேஷம் எனக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தம்பி வேஷம் முருகேசனுக்கு. வேலைக்காரிக்கு ஆள் இல்லை.

“முருகேசண்ணே, நீங்கதான் கூத்துல பொம்பளை வேஷம் கட்டுவீங்களாமே?”

“கட்டுவேன் டீச்சர். ராணி வேஷம் கட்டுவேன். வேலைக்காரின்னா நம்மளால ஆவாது.”

“அப்ப அதை நானே பேசறேன்,” என்றார் மரியம்மாள். சிரிக்கவில்லை.

முருகேசனை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூத்துப் பழக்கத்தில், உள்ளே நுழையும்போதே இரண்டு சுற்று ஆடி, தன் பேரும் ஊரும் சொல்லித்தான் நிற்பார்.

“இந்த நாடகத்துல அப்படி சொல்ல மாட்டாங்க அண்ணே. சும்மா வந்து பேச ஆரம்பிச்சுடணும்.”

“பேரு சொல்லாம பேசினா நான் யாருன்னு ஜனத்துக்கு எப்பிடித் தெரியும்? கடன் கேக்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்க!”

“உங்க நீலக் கையப் பாத்தாலே தெரியும்,” என்றார் அர்ஜுனன்.

எனக்கு மட்டும் பாடம் சட்டென்று பிடிபட்டது. எதிராளி தன் பேச்சை முடிக்கிற கடைசிச் சொல் காதில் விழுந்ததும் நான் என்னுடையதை எடுக்க வேண்டும். “இது கோர்வைதாம்மா. நீ கரை, நான் உடல்” என்றேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் யாராவது தடுமாறினால், “இழை அறுந்துடுச்சு, முடி போட்டுட்டு மறுபடியும் வாங்க” என்பார். தறியில் உட்கார்ந்து நாடா போட்டுக்கொண்டே நான் முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்தேன். அந்த வருஷம் தை மாதம் இந்தி எதிர்ப்பில் ஊரெல்லாம் கடையடைப்பு, பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்தது. அப்போதும் அவர் ஓரிக்கை வழியிலிருந்து நடந்து வந்தார். ஒரு நாள்கூட வகுப்பு நிற்கவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் தரகன் இல்லாமல் கடைக்கு வந்தார்கள். நான் எழுந்து நின்று, பிரபு தன் விருந்தாளியிடம் சொல்கிறதை அப்படியே சொன்னேன்: என் எளிய வீட்டுக்கு வாருங்கள், வந்த வழி நீளம், முதலில் உட்காருங்கள், வேலைப் பேச்சு அப்புறம். அந்த அம்மாள் வாயைப் பிளந்தாள். அந்தத் துரை குனிந்து எனக்கு வணக்கம் வைத்தார். ஏழு புடவை வாங்கினார்கள். தரகு ஒரு காசு இல்லை. அன்று ஒரே நாளில் கல்லாவில் விழுந்தது டீச்சருடைய மொத்தக் கூலியைவிட அதிகம். அதை நான் எல்லாரிடமும் சொன்னேன். அவரிடமும் சொன்னேன். “நல்லா பேசினீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வைகாசியில் நாடகத்தின் முடிவுக்கு வந்தோம். பிரபு கூலி கொடுக்கிற இடம். காசுக்குப் பதிலாக, நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை எண்ணச் சொன்னார். நான் என் பேச்சைச் சொல்லிக்கொண்டே குச்சிகளை மேசைமேல் வைத்தேன்.

“மேசையில இல்லைங்க. கையில.”

“வெச்சா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதான்.”

“புத்தகத்துல உள்ளங்கைன்னு போட்டிருக்குது.”

மறுநாளும் மேசைமேல் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக அங்கே போயிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் அந்தத் தெருக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிற முறை ஒன்று உண்டு. அவர்கள் துணியை விரிப்பார்கள், அல்லது இரண்டு கையையும் சேர்த்துக் கீழே ஏந்துவார்கள். நாங்கள் மேலேயிருந்து விடுவோம். இல்லாவிட்டால் தரையில் வைப்போம், எடுத்துக்கொள்வார்கள். கை மேல் கை படாது. என் அப்பா அப்படிக் கொடுத்தார், என் மாமனார் அப்படிக் கொடுத்தார். நானூறு வரி மனப்பாடம் செய்த எனக்கு இந்த ஒரு இடம் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர், “நாடகம் அன்னிக்காவது சரியா செய்ங்க” என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

நாடகம் அன்னிக்கு என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கடைசிக் காட்சியை என் கடைக் கூடத்திலேயே நடத்திக் காட்டுவது என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். மூன்றாம் வகுப்புக் கண்ணாயிரம் இங்கிலீஷில் நாடகம் போடுகிறான் என்று ஊர் பார்க்க வேண்டாமா? முப்பது பேருக்குச் சொல்லி அனுப்பினேன். தாமலிலிருந்து மாமனார் வந்தார். ஏரிப் பாசனத்தில் பாதி அவர் சொல்படி நடந்த காலம் அது. நான் கடை வைக்கப் பணம் கொடுத்தவரும் அவர்தான். அதோடு இன்னொரு வீம்பும் செய்தேன்.

“எதுக்குத் தார்க்குச்சி? அன்னிக்கு நெஜப் பணத்தையே எண்ணிடலாம். நாடகமும் முடியும், டீச்சர் கூலியும் முடியும்” என்று எல்லாரிடமும் வசூல் செய்து, கட்டு பெரிசாகத் தெரிய வேண்டும் என்று முழுவதையும் பத்து ரூபாய் நோட்டாக மாற்றினேன். நாற்பத்தைந்து நோட்டு.

ஜூன் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. மரியம்மாள் வெள்ளைச் சேலை கட்டி வந்தார். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து, வேஷத்துக்காக. முருகேசன் அன்றைக்கும் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் பேசினார், கூட்டம் சிரித்தது. நான் பேசப் பேச எல்லாரும் வாய் பேசாமல் இருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கடைசிப் பக்கம் வந்தது. நான் கட்டை எடுத்தேன். அவர் வலது கையை விரித்து நீட்டினார்.

கை என் மார்புக்கு நேராக இருந்தது. நான் மாமனாரைப் பார்த்தேன்.

“இன்னா மாப்ளே, அது எதுக்குக் கைய நீட்டிக்கினு நிக்குது?” என்றார் அவர். எல்லாருக்கும் கேட்டது.

நான் கட்டை மேசைமேல் வைத்தேன். மரியம்மாள் கையை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் வரவேண்டிய தன் பேச்சை, நான் தடுமாறிவிட்டேன் என்பது போல, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இழை அறுந்தால் அப்படித்தான் செய்வார். நான் வாயைத் திறந்தேன். வந்தது தமிழ்.

“அதான் மேசைமேல வெச்சிருக்கேனே. எடுத்துக்கோ.”

“மேசைக்கு நான் பாடம் நடத்தலைங்க” என்றார்.

சாவிக் கொத்தை அவிழ்த்துப் பணத்தின் பக்கத்தில் வைத்தார். சந்துப் பக்கம் போகவில்லை. கூட்டத்தின் நடுவே நடந்து கடை முன்வாசல் வழியாக வெளியே போனார்.

“திமிரப் பாரு” என்றார் மாமனார். நானும் அதையேதான் சொன்னேன். அன்று மாலையே மற்ற நாலு பேர் பங்கையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். முருகேசன் மட்டும், “பொண்ணு பாவம்பா” என்றார். சொல்லிவிட்டுத் தொண்ணூறு ரூபாயை எண்ணி மடியில் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கங்கையம்மாள் சந்துக் கதவண்டை வந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஆண்டே, பொண்ணு அறியாப்புள்ள, மன்னிச்சுக்குங்க. அது கூலியக் குடுத்தா பணம் கட்டிடுவோம். பத்தாம் தேதிதான் கெடு.” முந்தானையை விரித்தாள்.

எனக்கு மனசு லேசாயிற்று. இது எனக்குத் தெரிந்த முறை. மற்றவர்கள் பங்கையும் என் பெட்டியிலிருந்தே எடுத்து நானூற்று ஐம்பதையும் கொண்டுவந்தேன். நான் சின்ன மனசுக்காரன் இல்லை. முந்தானைக்கு மேலே கையை நீட்டியபோது சந்தில் குடை தெரிந்தது. மரியம்மாள் ஓடி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

“எழுந்திரும்மா.”

“ஏண்டி, மெட்ராசு போவ வேணாவா?”

“எழுந்திரு.” அம்மாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி, விரித்த முந்தானையை அவரே உதறிச் சொருகிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “எங்கம்மா நாப்பது வருசமா இதுல வாங்கினாங்க. நான் கையில வாங்குவேன். அது வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

சந்தில் யாரும் இல்லை. மாமனார் தாமலில் இருந்தார். அப்போது நான் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கொடுக்கவில்லை.

பத்தாம் தேதி போயிற்று. இடமும் போயிற்று. அடுத்த வருஷம் பணம் சேர்ந்தபோது கங்கையம்மாள் நோயில் விழுந்தாள். மரியம்மாள் ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதப் போனார், மாதம் அறுபது ரூபாய். காலையில் பஸ்ஸுக்கு என் கடை வழியாகத்தான் போக வேண்டும். ஏழு வருஷம் போனார். வெயிலில்லாத நாளிலும் குடை இருக்கும். என் கடை இருக்கும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருப்பார். கங்கையம்மாள் செத்த பிறகுதான் பயிற்சிக்குப் போனார். முப்பத்தொரு வயதில் இருபத்து மூன்று வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லாம் தேவசகாயம் ரவிக்கை கொண்டுவரும்போது, நான் கேட்காமலே, சொன்னது.

எனக்கு அந்த நாடகம் வாரிக் கொடுத்தது. வெளிநாட்டுக்காரர்கள் என் கடையைத் தேடி வந்தார்கள். பதினோரு தறி அறுபது ஆயிற்று. மாடி வீடு கட்டினேன். ஒவ்வொரு முறையும் நாற்காலியைக் காட்டி ‘வந்த வழி நீளம்’ என்று சொல்லும்போது அவர் குரல்தான் எனக்கு முன்னால் கேட்கும். அது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்வேன்; வியாபாரம் அல்லவா.

என் கடைசிப் பெண் அம்சவேணியை ஓரிக்கைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்தேன். அங்கே இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று பேர். யார் சொல்லித் தருகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சேர்த்தேன். எழுபத்தெட்டில் அவள் பத்தாம் வகுப்பு. ஒரு நாள் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டோடு வந்து, பிரபுவின் பேச்சைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் நிறுத்திய வரியிலிருந்து நான் மடமடவென்று சொன்னேன். பெண் அசந்துபோனாள். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக,

“அப்பா, எங்கப்பாவுக்கு மொத்த நாடகமும் மனப்பாடம்னு டீச்சர்கிட்ட சொன்னேன்பா” என்றாள்.

“இன்னா சொன்னாங்க?”

“‘உங்கப்பாவுக்குக் கடைசிப் பக்கம் வராது’ன்னாங்க. ஏம்பா, வராதா?”

என் மனைவி தேவகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கூட்டத்தில் இருந்தவள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “வராதும்மா. உங்கப்பாவுக்கு அது மட்டும் வராது.”

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு வராதாம். தறி வராது என்றார்கள், வந்தது. இங்கிலீஷ் வராது என்றார்கள், வந்தது. மறுநாள் ஆயிரம் ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

டீச்சர்கள் அறையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். தலை ஓரத்தில் நரை. “வாங்க” என்று நாற்காலி காட்டினார். ஆயாம்மா இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி. எது அவருக்கு, எது எனக்கு என்று தெரியவில்லை. நான் ஆறுவதற்குள் குடித்தேன்.

“பாக்கியக் குடுக்க வந்தேன். வட்டியோட இருக்குது. கைய நீட்டுங்க.”

‘நீட்டுங்க’ என்று சொன்னதை நானே கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார். கையை நீட்டவில்லை.

“இங்க இல்லைங்க. கடையில. அன்னிக்கு முப்பது பேர் இருந்தாங்க. கடையில முப்பது பேர் இருக்கற நாளாப் பாத்துச் சொல்லுங்க, வர்றேன்.”

“இது ஆடி மாசம். கடையில ஈ ஓட்டறோம்.”

“ஆவணி வரட்டும். எனக்கு அவசரம் இல்லை. அவசரம் இருந்தது பதிமூணு வருசம் முன்னாடி.” சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். “வட்டிய நீங்களே வெச்சுக்குங்க. எங்கம்மா, அந்த ஏழு வருசம், அதெல்லாம் உங்களால எண்ண முடியாது. எண்ண முடிஞ்சத மட்டும் எண்ணுங்க. அதே மாதிரி பத்து பத்தா.”

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி அனுப்பினேன். கடை முழுக்கக் கல்யாணப் புடவைக் கூட்டம். மாமனார் எண்பது வயதில் தடியை ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது நானே வரவழைத்தேனோ, இரண்டும் ஒன்றுதான். முருகேசன் சாயக் கணக்கு பார்க்க வந்தவர் தூணோரம் நின்றார். மரியம்மாள் முன்வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அதே மாதிரி ஒரு வெள்ளைச் சேலை. கூடத்தின் நடுவில் நின்று, கையை விரித்து நீட்டி, தன் பேச்சைச் சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை.

புடவை விரித்துக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள்.

நான் முதல் நோட்டை எடுத்தேன். கைக்கு ஒரு சாண் மேலேயிருந்து விட்டேன். பழக்கம். அது அவர் விரல் நுனியில் பட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. கையும் அசையவில்லை. ஒருத்தரும் அதை எடுக்க வரவில்லை. நான்தான் குனிந்தேன். இவ்வளவு ஜனத்துக்கு முன்னால், அறுபது தறிக்கார கண்ணாயிரம், அவர் காலடியில் கிடந்த பத்து ரூபாயைப் பொறுக்கினேன்.

“எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார் மாமனார். தடி தட்டிக்கொண்டே வாசல் பக்கம் போயிற்று. இருபது வருஷமாக அவர் பணம் என் வியாபாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரமே அதை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நோட்டை மரியம்மாளின் உள்ளங்கையில் வைத்தேன். என் விரல் பட்டது. சாக்பீஸ் பிடித்துக் காய்ந்துபோன கை. பிரபுவின் கடைசிப் பேச்சை எடுத்தேன், அதில் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். ஒன், டூ, த்ரீ. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபதுக்கு அப்புறம் எனக்கு அடுத்த சொல் தவறியது. “இழை அறுக்காதீங்க” என்றார் மெதுவாக. முப்பது. நாற்பது. கட்டு கனத்ததும் இடது கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஃபார்ட்டி த்ரீ. ஃபார்ட்டி ஃபோர். நாற்பத்தைந்தாவது நோட்டை, விரித்திருந்த அந்தக் கையின் மேல், அழுத்தி வைத்தேன்.